இயந்திரம் ஓய்ந்த பின்



மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் நின்று பார்ப்போர், வாழைத் தோட்டங்களையும் பாக்குத் தோப்புகளையும் அவற்றின் பின்னே சுவரென எழும் நீலகிரி மலையையும் காண்பர். அத்தோட்டங்களின் மேல் மருந்து தெளிக்கும் சிறு விமானம் ஒன்று பறப்பதாக எண்ணிக்கொள்வோம். திடீரென அதன் இயந்திரம் வலுவிழக்கிறது. எரிபொருளில் நீர் கலந்திருக்கலாம். ஈரக்காற்றினால் கார்புரேட்டருக்குள் பனி உறைந்திருக்கலாம். விமானி யாது செய்வார்?

இயந்திரம் நின்றால் விமானம் கல்லைப்போல் வீழ்ந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. விமானத்தைத் தாங்குவது இறக்கைகளைத் தழுவி விரைந்தோடும் காற்றேயாகும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், சிறு விமானம் தன் உயரத்தைப்போல் எட்டு ஒன்பது மடங்கு தொலைவு சறுக்கிச் செல்லும். உயரமே விமானியின் கையிருப்பு.

மருந்து தெளிப்பவரிடமோ அக்கையிருப்பு இல்லை. பயிருக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் பறப்பவர் அவர். அவரிடம் உள்ளது வேகம் ஒன்றே. இதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தை 110 ஆகக் குறைத்து, மிஞ்சும் ஆற்றலை உயரமாக மாற்றினால், 50 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். காற்றின் தடை அதிலும் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும். ஆகவே அவர் மருந்துத் தொட்டியைத் திறந்து பாரத்தைக் கொட்டிவிட்டு, சிறிது மேலெழும்பி, உடனே மூக்கைத் தாழ்த்தி, எதிரே அகப்படும் வெளியில் இறங்குகிறார். மின்கம்பியும் பாக்கு மரமும் இல்லாத இடமாயின் அவர் பாக்கியசாலி.

புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் என்ன? அங்கேதான் எமன் காத்திருக்கிறான். உயரம் இழக்காமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால், இறக்கைகள் இரு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். நேராகச் செல்கையில் 90 கிலோமீட்டர் வேகம் போதும் என்றிருந்த விமானத்திற்கு அப்போது 127 தேவைப்படும். அது கிட்டாவிடில் இறக்கைகள் தாங்கும் திறனை இழந்துவிடும்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் வலுவிழந்த பயணி விமானத்தைத் தலைமை விமானி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார்; 155 பேரும் பிழைத்தனர். அவருக்கு 850 மீட்டர் உயரம் இருந்தது. அப்படியிருந்தும், 35 விநாடி தாமதித்துத் திரும்புவதாக மாதிரிக் கருவியில் சோதித்தபோது ஓடுபாதையை எட்ட முடியவில்லை.

காற்றின் திசையையும் மறக்கலாகாது. 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் இறங்கினால் தரையைத் தொடும் வேகம் 90, பின்காற்றிலோ 130. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலால், மோதலின் வலிமை இரு மடங்கையும் தாண்டிவிடும்.

இத்தொழிலுக்கென்றே அமெரிக்கப் பொறியாளர் பிரெட் வீக் வடிவமைத்த விமானம் 1950இல் பறந்தது. இயந்திரமும் மருந்துத் தொட்டியும் முன்னே. விமானி பின்னே உயரத்தில், உறுதியான கூண்டுக்குள். மோதினால் முன்பகுதி முதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 1972இல் பெங்களூரில் உருவாகிப் பறந்த நம் நாட்டு ‘பசந்த்’ விமானத்திலும் விமானியின் இருக்கை தொட்டிக்குப் பின்னேதான் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது.