தேய்ந்த பணம் பிழைக்கவைத்த ஊர்

1932ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில், ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் உள்ள வோர்கல் என்ற சிற்றூர் ஒரு புதுமாதிரிப் பணத்தை வெளியிட்டது. பூட்டி வைத்தால் அது மாதாமாதம் நூற்றில் ஒரு பங்கு தேயும். மாதம் பிறந்ததும் அந்த ஒரு விழுக்காட்டுக்கு நகராட்சியிடம் ஒட்டுவில்லை வாங்கி நோட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டாத நோட்டு முழு மதிப்புக்குச் செல்லாது.

உலகம் முழுவதும் பெருமந்தம். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த அந்த ஊரில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை இல்லை. வரி வராததால் நகராட்சிப் பெட்டியும் காலி. ஆனால் ரொட்டிக்கடையில் அடுப்பு இருந்தது, தச்சரிடம் உளி இருந்தது, செப்பனிட வேண்டிய சாலைகள் இருந்தன. இவற்றை இணைக்கும் பணம்தான் வெளியே வர அஞ்சிப் பதுங்கிக் கிடந்தது. விலை இறங்கிக்கொண்டே போகும்போது செலவழிக்காமல் இருப்பதே லாபம் அல்லவா?

நகரத் தலைவர் மைக்கேல் உன்டர்குகன்பெர்கர் ரயில்வே தொழிலாளியாக இருந்தவர். சில்வியோ கெசெல் என்ற ஜெர்மானிய வணிகரின் நூல்களைப் படித்தவர். சரக்கு அழுகும், இரும்பு துருப்பிடிக்கும், பணம் மட்டும் கெடாது. அதனால் பணம் வைத்திருப்பவர் காத்திருக்கலாம், கடைக்காரரால் முடியாது என்பது கெசெல் கண்ட கோணல். அப்படியானால் பணத்தையும் கெட்டுப்போகச் செய்வோம் என்று வோர்கல் துணிந்தது.

சாலை போட்டவர்களுக்கு 1, 5, 10 ஷில்லிங் நோட்டுகளாகக் கூலி கிடைத்தது. ஈடாக அதே அளவு ஷில்லிங் உள்ளூர் வங்கியில் இருந்தது. நகராட்சி வரியையும் இந்த நோட்டிலேயே கட்டலாம். ஆகவே கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர் அடுத்த வில்லைக்கு முன் கைமாற்றிவிடப் பார்த்தார். செலவழிக்க வழி தெரியாதவர்கள் பழைய வரிப் பாக்கியைத் தீர்த்தார்கள். சிலர் வரியை முன்கூட்டியே கட்டினார்கள். வந்த நோட்டு மறுபடி கூலியாக வெளியே போனது. புழக்கத்தில் இருந்தது எந்நேரமும் சில ஆயிரம் ஷில்லிங் மட்டுமே. அதைச் சுழற்றியே ஊர் சாலை போட்டது, பாலம் கட்டியது. நாட்டில் வேலையின்மை ஏறிக்கொண்டிருந்தபோது அங்கே குறைந்தது.

அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இந்த வகைப் பணத்தைப் பற்றி 1933இல் ஒரு சிறுநூலே எழுதினார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சமன்பாடு எளிமையானது: பணத்தின் அளவை அது கைமாறும் வேகத்தால் பெருக்கினால், விற்ற சரக்கை விலையால் பெருக்கிய தொகை வரும். நல்ல காலத்தில் வேகம் கூடினால் விலை ஏறக்கூடும், ஏனென்றால் எல்லா அடுப்பும் ஏற்கெனவே எரிகிறது. மந்த காலத்தில் பாதி அடுப்பு அணைந்து கிடக்கிறது. அப்போது கூடுதலாகச் சுழலும் காசு விலையை ஏற்றுவதற்கு முன் அடுப்பை மூட்டுகிறது. எனக்கு இதில் இன்னும் வியப்பு தீரவில்லை.

இந்தச் சுழற்சி நின்றால் முதலில் விழுவது சின்ன உணவகம். கணக்கைப் பாருங்கள். ஒரு மெஸ்ஸில் நாள் விற்பனை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய்கறி, அரிசி, எண்ணெய் 4,000. வாடகை, சம்பளம், மின்சாரம் 5,000. மிச்சம் 1,000. ஐந்தில் ஒருவர் வராமல் போனால் விற்பனை 8,000. சரக்குச் செலவு 3,200 ஆகக் குறையும். வாடகையும் சம்பளமும் குறையாது. 200 ரூபாய் நட்டம். நான்கு பேர் வந்தும் கடை மூடுகிறது என்றால் காரணம் இதுதான். மதியம் காலியாகக் கிடந்த நாற்காலியை மறுநாள் விற்கவும் முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 80 காசை எல்லோரும் ஊருக்குள்ளேயே செலவிட்டால், நீங்கள் கொடுத்த 100 ரூபாய் சுற்றிச் சுற்றி மொத்தம் 500 ரூபாய் வியாபாரமாகும். 20 காசுதான் ஊருக்குள் நிற்கிறது என்றால் மொத்தம் 125. நோட்டு ஒன்றேதான்.

வோர்கல் கதை நெடுநாள் ஓடவில்லை. பணம் அச்சிடும் உரிமை தனக்கே என்று ஆஸ்திரிய தேசிய வங்கி எதிர்த்தது. 1933 செப்டம்பரில் நோட்டு நிறுத்தப்பட்டது. ஓராண்டுச் சோதனையை வைத்து ஒரு நாட்டுக்கே மருந்து எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1934இல் சுவிட்சர்லாந்தின் சிறு வணிகர்கள் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கத் தொடங்கிய ‘வீர்’ முறை இன்றும் வங்கியாக நடக்கிறது. ஜேம்ஸ் ஸ்டாடர் என்ற பொருளியலாளர் அதன் பல்லாண்டுக் கணக்குகளை ஆராய்ந்தார். நாட்டின் பொருளாதாரம் சரியும்போது வீர் புழக்கம் கூடும் போக்கு அதில் தெரிந்தது.

நம் கையில் தேயும் நோட்டு இல்லை. ஆனால் தெருமுனை மெஸ்ஸிலோ மளிகைக் கடையிலோ தையற்கடையிலோ உங்கள் பேரில் ஒரு பாக்கி இருக்கலாம். சம்பளத் தேதி வரை அதைத் தள்ளாதீர்கள். முடிந்தால் இன்று மாலையே கொடுத்துவிடுங்கள்.