எலும்புக்கு ஓர் ஊசி, எடைக்கு ஓர் ஊசி

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்வோர் உள்ள வீடுகளில் பேனா ஊசி புதிய பொருள் அன்று. குளிர்பதனப் பெட்டியில் இன்சுலினுக்கென ஓர் இடம் நெடுநாளாகவே உண்டு. இப்பொழுது வேறு இருவகைப் பேனாக்களும் நம் இல்லங்களுக்கு வரத் தொடங்கியுள்ளன. ஒன்று எலும்பை வலுவாக்குவது. மற்றொன்று உடல் எடையைக் குறைப்பது. இரண்டும் இன்சுலினைப் போலவே பெப்டைடு வகை மருந்துகள். அதாவது, அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து அமைந்தவை. விழுங்கினால் வயிற்றில் எளிதில் சிதைந்துவிடும் என்பதால் இவை பெரும்பாலும் தோலுக்கடியில் செலுத்தப்படுகின்றன.

குடும்பம் ஒன்றாயினும் குணம் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது உடலுக்கும் நல்லது, சேமிப்புக்கும் நல்லது.

எலும்புக்கான மருந்துகளுள் முதன்மையானது டெரிபாரடைடு. நம் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் 84 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோனைச் சுரக்கின்றன. அதன் முதல் 34 அமினோ அமிலங்களே இம்மருந்து. அந்த ஹார்மோன் இடைவிடாது மிகுந்தால் எலும்பு கரையும். நாளுக்கு ஒருமுறை, 20 மைக்ரோகிராம் அளவில் மருந்தாகச் செலுத்தினாலோ எலும்பைக் கட்டும் செல்கள் தூண்டப்படும். எலும்பு முறிவு அபாயம் மிகுந்தோருக்கே இது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தரப்படுவதில்லை. நிறுத்தியபின், எலும்புத் தேய்வைத் தடுக்கும் வேறொரு மருந்தைத் தொடராவிடில், சேர்ந்த அடர்த்தி மீண்டும் குறைந்துவிடும்.

எடைக்கான ஊசிகள் வேறு வழியில் இயங்குகின்றன. உணவுக்குப்பின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செயல்பட்டு, செமாகுளுடைடு பசியைத் தணிக்கிறது. டிர்செபடைடு அத்துடன் மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. இரண்டும் வாரம் ஒருமுறை செலுத்தப்படுபவை. எடைக் குறைப்புக்கான ஊசிகளாக இவை 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. 2021இல் வெளியான ஆய்வொன்றில், செமாகுளுடைடு பெற்றோர் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு எடை இழந்தனர். ஆனால், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது.

இவ்விரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில்தான் நம் கவனம் தேவை. எடை விரைந்து குறையும்போது கொழுப்புடன் தசையும் குறைகிறது; எலும்பின் அடர்த்தியும் குறையக்கூடும். டென்மார்க்கில் நடைபெற்று 2024இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. செமாகுளுடைடு வகையைச் சேர்ந்த லிராகுளுடைடை மட்டும் பெற்றோருக்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைந்தது. மருந்துடன் உடற்பயிற்சியும் செய்தோருக்கு எலும்பு பெரிதும் காக்கப்பட்டது. ஆகவே, மாதவிடாய் நின்ற பெண்களும், சிறு தடுமாற்றத்திலேயே எலும்பு முறிந்த அனுபவம் உள்ளோரும், எடை ஊசியைத் தொடங்குமுன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என மருத்துவரிடம் கேட்பது நலம். புரதம், கால்சியம், வைட்டமின் டி, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவற்றையும் மறத்தலாகாது.

இனிச் செலவு. இரண்டும் விலை மிகுந்தவை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். புறநோயாளிச் செலவும் எடைக் குறைப்புச் சிகிச்சையும் நம் பத்திரத்தில் அடங்குமா என முன்னரே படித்தறிய வேண்டும். டெரிபாரடைடுக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. அதற்கும் அடுத்து வரும் மருந்துக்குமாக ஒரு தொகையை ஒதுக்கிவிடலாம். எடை ஊசிக்கு அத்தகைய தேதி இல்லை. முடிவு தெரியாத செலவை மாத வருவாய் தாங்க வேண்டும். ஓய்வுக்காலத்திற்கெனச் சேர்த்த முதலைக் கரைத்துத் தாங்கலாகாது.

எனவே மருத்துவரிடம் ஊசியின் விலையைக் கேட்பதோடு நில்லாமல், மேலும் இரண்டு வினாக்களைக் கேட்போம்: இதை எத்தனை காலம் போட்டுக்கொள்ள வேண்டும்? நிறுத்தியபின் என்ன செய்ய வேண்டும்? இவற்றுக்கு விடை தெரிந்தபின் முதல் ஊசியை வாங்குவதே அறிவுடைமை.