பெயர் கூறாத பாரபட்சம்

தட்டையான தட்டிலே உணவை வார்த்து, நீண்ட அலகுடைய கொக்கினை நரி விருந்துக்கு அழைத்த கதை பாலபாடத்திலேயே படிக்கப்படுவது. இருவர்க்கும் ஒரே உணவு; ஒரே தட்டு. உண்டதோ நரி மட்டுமே. இச்சிறு கதை 1971ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றிலே எடுத்தாளப்பட்டதென்றாற் சிலர் வியத்தல் கூடும்.

வட கரோலினா மாநிலத்தின் டியூக் பவர் என்னும் மின்சாரக் கம்பனி, கறுப்பின ஊழியரைக் குறைந்த ஊதியமுள்ள கூலிப் பகுதியிலேயே நெடுங்காலம் வைத்திருந்தது. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்ததும் அந்த வெளிப்படையான தடை நீங்கிற்று. ஆயினும் உயர் பாடசாலைச் சான்றிதழும் எழுத்துச் சோதனைகளும் வழியை மறித்து நின்றன. நிறத்தைப் பற்றி அவ்விதிகளில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தாழ்ந்த பாடசாலைகளில் ஒதுக்கிவைத்துக் கற்பிக்கப்பட்ட மக்களே அவற்றாற் பெரிதும் விலக்கப்பட்டனர். வேலையைச் செய்தற்கு இத்தகுதி வேண்டுமென நிறுவப்படாதவிடத்து, உள்நோக்கம் தீயதன்றெனினும் விதி நில்லாது என்று நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இதே கருத்து அதற்குமுன்பே சர்வதேசச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. 1965 டிசம்பர் 21இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட இனப் பாரபட்ச ஒழிப்புச் சமவாயம், இனம், நிறம், வமிசம், தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு என்பவற்றின்பேரில் மனித உரிமையைக் கெடுக்கும் நோக்கமுடைய செயலை மட்டுமன்றி, அவ்விளைவுடைய செயலையும் பாரபட்சமென்றே வரையறுத்தது. ‘நோக்கம் அல்லது விளைவு’ என்னும் அச்சிறு தொடரிலேதான் சமவாயத்தின் வலிமை பெரிதும் தங்கியிருக்கின்றது. உள்ளக்கருத்தை நிறுவுதல் அரிது. விளைவையோ எண்ணிக் காட்டலாம்.

இவ்வேறுபாட்டின் பெறுமதியை இலங்கையின் வரலாறு நன்கு உணர்த்தும். ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் தடையோ தகுதியின்மையோ விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாதென்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்திலே எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. அதற்குமுன் இந்நாட்டிற் பிறந்தவர் வமிசவழிப் பிரசையாவதற்கு, அவர் தந்தையேனும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். யாவர்க்கும் பொதுவான விதிதான். ஆனால் லயத்து அறையிலே பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளி, தன் பாட்டனின் பிறப்புக்கு எப்பத்திரத்தைக் காட்டுவது? மறு ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகள் அல்லாதாரின் வாக்குரிமையையும் நீக்கிற்று.

கோடாக்கன் பிள்ளை வழக்கு என அறியப்படும் வழக்கு, றுவன்வெல்லை வாக்காளர் இடாப்பிலிருந்து எழுந்தது. அது இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. தன் பிரசைகள் யாவரென வகுப்பது ஒரு சட்டசபையின் இயல்பான கடமையே என்றும், விண்ணப்பித்துப் பிரசையாவதற்கு 1949ஆம் ஆண்டிலே தனிச்சட்டமொன்று வழி வகுத்திருந்ததென்றும் காட்டி, 1953இல் அக்கழகம் சட்டத்தைச் செல்லுபடியாக்கிற்று. சட்டத்தின் வாசகம் அங்கு நன்கு ஆராயப்பட்டது. தோட்டங்களில் அது விளைத்த விளைவு போதிய அளவு ஆராயப்படவில்லை.

1965ஆம் ஆண்டுச் சமவாயம் முன்பே இருந்திருப்பின் முடிவு மாறியிருக்குமோ? அவ்வாறு துணிந்து கூறுதல் இயலாது. குறித்தவொரு தேசியத்தாருக்கு எதிராகப் பாரபட்சம் காட்டாதவிடத்து, பிரசாவுரிமைச் சட்டங்களை அதுவும் தீண்டாமலே விட்டிருக்கின்றது.

இலங்கை அச்சமவாயத்தில் 1982இற் சேர்ந்தது. அதற்கு முன்னரே, 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12ஆம் உறுப்புரையிலே, சட்டத்தின்முன் யாவரும் சமமென்று கூறிற்று. ஆனால் இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றின்பேரில் பாரபட்சம் காட்டலாகாதென்னும் அடுத்த பந்தி பேசுவது ‘பிரசை’யைப் பற்றியே. பிரசாவுரிமை இழந்தவனுக்கு அப்பந்தி எட்டாது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேயாகும். அச்சட்டம் பாட்டனின் பிறப்பத்தாட்சியைக் கேட்கவில்லை.