பழைய கேம்களில் திரை கிழிகிறதா? திணறுகிறதா?

லேப்டாப்பில் பழைய கேம்களை விளையாடும்போது இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, காட்சி குறுக்கே வெட்டுப்பட்டு மேல்பாதியும் கீழ்ப்பாதியும் விலகித் தெரிவது. இதை ஸ்கிரீன் டியரிங் என்பார்கள். மற்றொன்று, படம் விட்டு விட்டு நகர்வதும், கீயை அழுத்திச் சற்று நேரம் கழித்துக் கார் திரும்புவதும். இது லேக். இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றை அதிகமாக்கிவிடலாம்.

எங்கள் எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் மாணவர்கள் பலரிடம் இருப்பவை பழைய லேப்டாப்கள்தான். அரசின் இலவச லேப்டாப் திட்டமே 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. "டிஸ்பிளே போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று கடையில் சொன்னதாக ஒரு மாணவன் தன் லேப்டாப்பை என்னிடம் கொண்டு வந்தான். டிஸ்பிளேயில் பழுதே இல்லை. ஒரு செட்டிங்கை மாற்றியதும் சரியாகிவிட்டது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவன் அப்பாவுக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம்.

டிஸ்பிளே பழுது என்றால் டெஸ்க்டாப்பிலும், லேப்டாப் பூட் ஆகும்போதும் கோடு தெரியும். கேமில் மட்டும் தெரிந்தால் அது டியரிங்.

டியரிங் ஏன் வருகிறது?

சாதாரண லேப்டாப் திரை நொடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்கு ஆகும் நேரம் சுமார் 16.7 மில்லி நொடி. திரை பாதி வரைந்திருக்கும்போதே கிராபிக்ஸ் சிப் அடுத்த படத்தைக் கொடுத்துவிட்டால், மேலே பழைய படமும் கீழே புதிய படமும் தெரியும். பழைய கேம்கள் இன்றைய சிப்பில் மிக வேகமாக ஓடுவதால் இது அடிக்கடி நடக்கிறது.

இதற்கு மருந்து வி-சிங்க். திரை ஒரு சுற்று முடிக்கும் வரை படத்தைக் காத்திருக்க வைப்பதுதான் இதன் வேலை. கேமின் வீடியோ அல்லது டிஸ்பிளே செட்டிங்கில் இதைத் தேடி ஆன் செய்யுங்கள். சில கேம்களில் இது வேறு பெயரில் இருக்கும். 2003-ல் பிசிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டியில் ஃபிரேம் லிமிட்டரை ஆன் செய்தே வையுங்கள். அதை ஆஃப் செய்தால் வேகம் கூடும், ஆனால் கேமின் இயக்கத்தில் கோளாறுகள் வரும்.

கேமில் அந்த வசதி இல்லையென்றால் கிராபிக்ஸ் டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் பாருங்கள். என்விடியாவில் வெர்டிகல் சிங்க் என்றும், ஏஎம்டியில் வெயிட் ஃபார் வெர்டிகல் ரிஃப்ரெஷ் என்றும் இருக்கும்.

வி-சிங்க் போட்டதும் லேக் வந்தால்?

உங்கள் லேப்டாப் நொடிக்கு 45 படம்தான் வரையும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படமும் 16.7 மில்லி நொடியைத் தாண்டிவிடுவதால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பல பழைய கேம்களில் வேகம் ஒரேயடியாக 30-க்கு விழுந்துவிடும். எனவே முதலில் ரெசல்யூஷனையும் நிழல்களையும் குறைத்து வேகத்தை 60-க்கு மேல் கொண்டு வாருங்கள். பிறகு வி-சிங்க் போடுங்கள். டிரிபிள் பஃபரிங் வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யலாம்.

லேக் குறைய நான்கு வழிகள்

1. சார்ஜரைச் செருகி விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

2. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திணறினால் காரணம் சூடு. சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைக்கும். காற்றுத் துளைகளில் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதமாக வைத்தால் பல இன்டெல் லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று சூடு குறையும். பழைய கேம்களுக்கு அந்த வேகமே போதும்.

3. இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் கேம் சில சமயம் சிறிய சிப்பில் ஓடும். விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் வரை சென்று, அந்த கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

4. 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்ற கேம்கள் டைரக்ட்டிரா என்ற பழைய முறையில் எழுதப்பட்டவை. புதிய விண்டோஸில் இவை திணறலாம். டிஜிவூடூ 2 என்ற இலவச மென்பொருள் அந்தப் பழைய கட்டளைகளைப் புதிய டைரக்ட்எக்ஸுக்கு மாற்றித் தரும். அதன் எம்எஸ் ஃபோல்டருக்குள் எக்ஸ்86-ல் உள்ள டிஎல்எல் ஃபைல்களை கேம் ஃபோல்டரில் காப்பி செய்தால் போதும். அந்த ஃபோல்டரில் அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் முதலில் அதை வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். சரிவராவிட்டால் புதியவற்றை அழித்துவிடலாம். மென்பொருளை அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, கேமை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் செய்தும் பலனில்லை என்றால் மட்டும் செலவைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் முதலில் ராமைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மெயின் மெமரியிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்கிறது. காலி ஸ்லாட்டில் இன்னொரு ராம் போட்டால் கேமுக்கு மட்டுமல்ல, பாடத்துக்கும் உதவும்.