வடிந்த ரத்தம் திரும்பும் வழி

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையின்போது தொடையில் கட்டப்படும் காற்றழுத்தப் பட்டை ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்கிறது. அது தளர்த்தப்பட்டபின், வெட்டுண்ட எலும்பின் பரப்பிலிருந்து சில மணி நேரம் ரத்தம் கசிந்து, வடிகுழாய் வழியே பையில் சேர்கிறது. பல நூறு மில்லிலிட்டர் வரை சேரக்கூடிய அந்த ரத்தத்தை நுண்வடிகட்டியில் செலுத்தி, சேகரிப்புத் தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் அதே நோயாளிக்கு ஏற்றுவது தன்குருதி மீளேற்றம் எனப்படும். எடின்பரோவில் ஜான் டங்கன் 1880-களிலேயே கால் துண்டிப்பு அறுவையில் இதன் முன்னோடி முறையைக் கையாண்டார்.

1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த புதுச்சேரி ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். இத்தகைய பெருமருத்துவமனைகளை நாடி வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு ரத்தக் கொடையாளரைத் தேடுவது பெரும் சுமை என்பதால், நோயாளியின் சொந்த ரத்தமே பயன்படும் என்ற எண்ணம் இயல்பாகவே ஈர்க்கிறது. பிறரிடமிருந்து நோய் தொற்றும் அச்சமும் அதில் இல்லை.

ஆனால் வடிந்த ரத்தம், நாளத்தில் ஓடிய ரத்தத்துக்கு நிகரானதன்று. உறைதலுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் அதில் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். சிதைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினும், எலும்பு மஜ்ஜையின் கொழுப்புத் துளிகளும் கலந்திருக்கும். வேகமாகச் சுழற்றி, உப்புநீரில் கழுவி, சிவப்பணுக்களை மட்டும் பிரித்துத் தரும் கருவி இக்குறையை வெகுவாகப் போக்குகிறது. எனினும் அதன் செலவு மிகுதி. காயத்தில் கிருமித்தொற்றோ புற்றுநோயோ இருப்பின் இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் போதிய அளவில் இருந்தோரிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், மீளேற்றத்தால் பிறர் ரத்தத்தின் தேவை குறையவில்லை. ரத்தக்கட்டி கரைவதைத் தடுத்துக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், ஜப்பானிய மருத்துவர் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்த மலிவான மருந்து, இன்று வடிகுழாயையே பல இடங்களில் தேவையற்றதாக்கிவிட்டது. ஆகவே பெரும்பாலோருக்கு, ரத்தசோகையை முன்கூட்டியே சரிசெய்து இம்மருந்தைக் கொடுப்பதே மேலான வழி.

இருப்பினும், 1952-இல் பென்டே குழுவினர் விவரித்த பம்பாய் ரத்த வகையினருக்கு ஓ வகை ரத்தமும் ஒவ்வாது; இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கே அது இருப்பதால், இடுப்பெலும்பு நொறுங்கி வரும் அத்தகைய நோயாளியின் உயிர் அவருடைய ரத்தத்தையே நம்பியிருக்க நேரலாம்; அவருக்காகவேனும், கழுவி ஏற்றும் கருவி ஒவ்வொரு வட்டாரப் பெருமருத்துவமனையிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.