வாடகை வீட்டில் தீ: இழப்பு யாருடையது?

சனத்நகர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவொன்றில் மாடிக் குடியிருப்பை நீங்கள் வாடகைக்கு எடுத்திருப்பதாகக் கொள்வோம். ஓர் இரவு சமையலறையில் தீப்பற்றிச் சுவரும் கதவுகளும் கருகுகின்றன. முன்பணம் திரும்பாது, பழுதுபார்க்கும் செலவும் உங்களுடையதே என்கிறார் உரிமையாளர். அவர் கூற்று சரிதானா?

தீ எவ்வாறு பற்றியது என்பதைப் பொறுத்தது விடை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, வாடகைதாரர் வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கும் தடுக்கவியலாத சக்தியால் நேரும் சேதத்துக்கும் அவர் பொறுப்பல்லர். ஆனால் அவரோ அவருடைய பணியாளரோ செய்த தவற்றால் நேர்ந்த பழுதை, அறிவிப்புக் கிடைத்த 3 மாதங்களுக்குள் அவரே சீர்செய்தாக வேண்டும். சுவருக்குள் ஓடும் பழைய மின்கம்பி உருகிப் பற்றிய தீ வேறு. ஒரே பிளக்கில் ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகியதால் மூண்ட தீ வேறு. எனவே தீயணைப்புத் துறையின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவது முதல் வேலை. வாடகை ஒப்பந்தத்தில் மாறாக எழுதியிருந்தால் அதுவே மேலோங்கும் என்பதால், 'எக்காரணத்தால் நேரும் சேதமும்' என்ற சொற்களைக் கண்டால் கையெழுத்துக்கு முன்பே திருத்தக் கோருங்கள்.

வீட்டின் முக்கியப் பகுதி அழிந்து, நிலையாகக் குடியிருக்கத் தகாததானால், குத்தகையை ரத்தாக்கும் விருப்பம் வாடகைதாரருக்கு உண்டு. தீ அவர் தவற்றால் மூண்டிருந்தால் இல்லை. அது தானாக ரத்தாவதுமில்லை. கட்டடம் அழிந்ததாலேயே குடியிருப்புரிமை முடிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. எழுத்தில் தெரிவிக்காமல் வாடகையை மட்டும் நிறுத்துவோர் வீண் வழக்கை வாங்கிக்கொள்கின்றனர்.

உரிமையாளர் காப்பீடு செய்திருக்கிறாரே என்று நிம்மதி கொள்வதற்கில்லை. அவருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம், அவரிடத்தில் நின்று, தவறிழைத்த வாடகைதாரரிடம் அத்தொகையைக் கோரலாம். அவருடைய பாலிசி உங்கள் பீரோவையும் காக்காது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை வாடகைதாரர் தம் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். உரிமையாளருக்கு நேரும் சேதத்திற்கான சட்டப் பொறுப்புக்குத் தனிக் காப்பு உண்டா என்று கேட்டறிக.

சமையல் எரிவாயு விபத்தானால் மற்றொரு வழியும் உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் பொதுப் பொறுப்புக் காப்பீடு, சொத்துச் சேதத்திற்கு நிகழ்வொன்றுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் இணைப்பு பதிவான முகவரியில் நேர்ந்ததற்கு மட்டுமே. வீடு மாறியதும் வங்கியில் முகவரியை மாற்றும் பலர், எரிவாயு முகவரிடம் மாற்ற மறந்துவிடுகின்றனர். பழைய முகவரியிலேயே இணைப்பை வைத்துக்கொண்டு சிலிண்டரைச் சனத்நகருக்குக் கொண்டு வந்தவருக்கு அந்த 2 லட்சம் கிட்டாது.