நீர்விம்பமும் அருவ நிழற்படமும்

உள்ளதை உள்ளவாறே காட்டுவது நிழற்படம் என்பது பலர் கருத்து. அக்கருத்து முற்றும் பொருந்தாதென்பதை நீரிற் படியும் மரத்தின் விம்பம் ஒன்றே உணர்த்திவிடும். குளிர்நாடுகளில், மாரியில் உறைந்த ஏரிகளின்மேல் இலையுதிர்ந்த மரங்கள் தோற்றுவிக்கும் விம்பங்களைப் படமெடுத்து, மரமென்று உடனே அறியவொண்ணாத கோடும் நிறமுமாக அமைப்பர். இஃது அருவ நிழற்படத்தின் ஒரு கிளையாகும். 1917இல் அல்வின் லாங்டன் கோபர்ன் கண்ணாடிகளின் தெறிப்பைக் கொண்டு உருவந்துறந்த படங்களை ஆக்கினார். 1922 முதல் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் முகில்களைப் படமெடுத்து, அவற்றைத் தம் உள்ளத்துணர்வுகளுக்கு நிகரானவையாகக் கொண்டார்.

மலைநாட்டில் இக்கலைக்கு இடமுண்டோ எனின், பனிக்கட்டிக்குப் பதிலாக நீர் உண்டு என்பதே விடை. நுவரெலியாவில் தை, மாசித் திங்களின் தெளிந்த இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. தேயிலைக் கொழுந்தும் அதனாற் கருகும். ஆயினும் ஏரி உறைவதில்லை. நீர் நான்கு பாகை செல்சியசில் மிக்க அடர்த்தியுடையது. ஆதலின் குளிர்ந்த மேனீர் கீழிறங்க, அடிநீர் மேலெழும். ஏரி முழுவதும் அவ்வெப்பநிலையை அடைந்த பின்னரே மேற்பரப்பு உறையத் தொடங்கும். ஓரிரவுக் குளிர் அதற்குப் போதாது. நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட வட்டவளையோ இன்னுந் தாழ்வானது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது. அங்கு மழையும் மூடுபனியுமே மரங்களின் உருவைக் கரைக்கின்றன.

ஒளியியல் நோக்கில் நீருக்கும் பனிக்கட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நீரின் முறிவுச்சுட்டி 1.33, பனிக்கட்டியினது 1.31. செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கே நீரினின்று தெறிக்கும். படுகோணம் 80 பாகையாகுமிடத்து ஏறத்தாழ முப்பத்தைந்து பங்கு தெறிக்கும். ஆகவே தெளிந்த விம்பம் வேண்டுவோன் நீர்மட்டத்துக்கு அருகே தாழ்ந்து நோக்குதல் வேண்டும். விம்பம் நீர்ப்பரப்பில் இருப்பதன்று. மரம் நீருக்குமேல் எத்துணை உயரமோ, அத்துணை ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். வில்லையைப் பரப்பின்மேற் குவித்தால் மிதக்கும் இலை கூர்மையுறும், மரம் மங்கும். மரத்தின் தொலைவுக்குக் குவித்தால் நிலை மாறும். சிற்றலை விம்பத்தை நெடுக்காக நீட்டும். ஒரு செக்கன் திறந்திருக்கும் மூடி அதனைத் தூரிகைக் கோடாக்கும். 1/500 செக்கன் அதனைத் துண்டுதுண்டாக்கும். படுகோணம் 53 பாகையளவில் இருக்கையில், முனைவாக்க வடிகட்டியைத் திருப்பினால் தெறித்த ஒளி பெரும்பாலும் மறைந்து, நீரின் உள்ளிடம் புலப்படும்.

மேற்பரப்பைக் காட்டுவதா, உள்ளிடத்தைக் காட்டுவதா என்னும் இவ்வினா மலைநாட்டிற் கலையளவில் நின்றுவிடுவதன்று. 1969இல் நிறைவெய்திய மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கரைமரங்கள் அந்நீரில் அழகிய விம்பங்களை இடுகின்றன. எந்த வடிகட்டியும் அவ்வாழத்தை ஊடுருவாது. வறட்சியில் நீர்மட்டந் தாழும்போதே பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்படுகின்றன.

நிழற்படத்தின் வரலாற்றிலும் இத்தகைய மறைவு உண்டு. 1875இல் இலங்கைக்கு வந்த ஜூலியா மார்கரட் கமரன் இங்கு எடுத்த படங்களுட் சிலவே எஞ்சியுள. அவற்றில் உழைக்கும் மக்களின் முகங்கள் நிலைத்தன. அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. 1879இல் மறைந்த அவ்வம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. பின்னர் லயனல் வென்ட் (1900–1944) படிமங்களை ஒன்றன்மேலொன்று இணைத்தும், இருட்டறையில் ஒளியேற்றி நிறம் புரட்டியும், படக்கருவி வெறும் படியெடுக்குங் கருவியன்று என இந்நாட்டில் நிலைநாட்டினார்.

எனவே உருவந்துறத்தல் குற்றமன்று. எதனைத் துறந்தோம் என்பதை மறத்தலே குற்றம். நீர் நிறைந்தபோது மவுசாக்கலையின் மரவிம்பத்தை எடுத்தவன், நீர் வற்றியபோதும் அவ்விடத்திலேயே நின்று மற்றொரு படம் எடுப்பானாக. இரண்டினையும் அருகருகே வைத்து நோக்குமிடத்தே அந்நீரின் உண்மை விளங்கும்.